சேராங்கொட்டைக் குறியும் மரபணுச் சுட்டியும்

மதுரையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வைகையின் தென்கரையோடு நின்றுவிடுகிறார்கள். மீனாட்சி கோயில், நாயக்கர் மகால், மாசி வீதிகள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. வடகரையில் இருக்கும் செல்லூருக்கு ஒரு பத்தி கிடைத்தால் அதிகம். ஞானசம்பந்தர் பாடிய திருவாப்பனூர் இன்றைய செல்லூருக்குள் இருக்கிறது என்பதையும், கண்மாயை ஒட்டி வளர்ந்த நெசவாளர் குடியிருப்புகளே இவ்வூரின் முகம் என்பதையும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நாம் இங்கே பேச வந்திருப்பது கோயிலைப் பற்றியுமல்ல, தறியைப் பற்றியுமல்ல. தறியிலிருந்து இறங்கிய துணி ஆற்றுக்குப் போய்த் திரும்பும்போது அதன் ஓரத்தில் இருந்த ஒரு சிறு கறுப்புப் புள்ளியைப் பற்றியது இக்கட்டுரை.

வைகையில் துணி வெளுத்த சலவைத் தொழிலாளர்கள் ஐம்பது அறுபது வீட்டுத் துணிகளை ஒன்றாக வெள்ளாவியில் வைப்பார்கள். ஒவ்வொரு வீட்டுத் துணியையும் தனித்தனியாக அவித்தால் விறகும் கட்டாது, நேரமும் கட்டாது. எல்லாவற்றையும் கலந்து அவித்து, கலந்து துவைத்து, மணலில் கலந்து உலர்த்திவிட்டு, மாலையில் வீடு வீடாகப் பிரித்துக் கட்டுவார்கள். பிரிப்பதற்கு உதவியது ‘வண்ணார் குறி’. சேராங்கொட்டையை ஊசியால் குத்தி, அதன் பாலைத் தொட்டு, துணியின் ஓரத்தில் வீட்டுக்கு ஒரு குறி இடுவார்கள். ஒரு வீட்டுக்கு இரண்டு புள்ளி, இன்னொரு வீட்டுக்கு ஒரு கோடும் ஒரு புள்ளியும் என்று போகும். மேலே சிறிது சுண்ணாம்பு தொட்டுவைத்தால் குறி கறுத்து நிலைத்துவிடும். பிறகு எத்தனை வெள்ளாவி கண்டாலும் போகாது.

இதில் ஒரு பக்குவம் உண்டு. சேராங்கொட்டைப் பால் தோலில் பட்டால் கொப்பளிக்கும். துணியில் கூடுதலாகப் பட்டால் பரவி, ஈரத்தோடு மடித்து வைத்த அடுத்த துணியிலும் ஒட்டும். அப்போது ஒரு வீட்டுக் குறி இன்னொரு வீட்டு வேட்டியில் ஏறிவிடும். குறைவாகப் பட்டாலோ குறி மங்கி, துணி யாருக்கும் உரியதில்லாமல் போகும். பால் இல்லாமல் குறி இல்லை. பால் மிஞ்சினால் குறிக்குப் பொருளில்லை.

இன்றைய மரபணு ஆய்வகங்களில் நடக்கும் மிக நுட்பமான வேலைகளுள் ஒன்று ஏறக்குறைய இதுவேதான். அதன் வரலாறு நம் மதுரைச் சமவெளியோடு எதிர்பாராத இடங்களில் வந்து தொடுகிறது.

*

குறியிடும் பழக்கம் நமக்குப் புதிதல்ல. செல்லூரிலிருந்து தென்கிழக்கே சில கல் தொலைவில் இருக்கும் கீழடியில், தமிழக அரசின் தொல்லியல் துறை நடத்திய நான்காம் கட்ட அகழாய்வில் தமிழி எழுத்துப் பொறித்த 56 பானை ஓடுகள் கிடைத்தன. ‘ஆதன்’, ‘குவிரன் ஆதன்’ போன்ற பெயர்கள் அவற்றில் உள்ளன. எழுத்தல்லாத கீறல் குறியீடுகள் கொண்ட ஓடுகளோ அவற்றினும் மிகுதி. பானைகள் ஒன்றுபோல இருக்கும் ஊரில் இது என்னுடையது என்று சொல்ல மனிதன் கண்டுபிடித்த வழி அது.

ஏட்டுச்சுவடிக் காலத்தில் இதே சிக்கல் இன்னும் கடுமையாக எழுந்தது. பல புலவர்களின் பாடல்கள் ஒரே தொகைக்குள் வரும்போது ஒவ்வொரு பாடலின் இறுதியிலும் திணை, துறை, பாடியோர், பாடப்பட்டோர் என்று ஓர் அடிக்குறிப்பு இணைக்கப்பட்டது. புறநானூற்றை உ.வே. சாமிநாதையர் 1894இல் பதிப்பித்தபோது, அவருக்குத் துணைநின்றவற்றுள் இந்த அடிக்குறிப்புகளுக்குப் பெரும் பங்குண்டு. அடிக்குறிப்பு சிதைந்த இடங்களில் பாடல் இருந்தும் பாடியவர் இல்லை. குறுந்தொகையில் பெயர் கிடைக்காத புலவர் ஒருவருக்கு அவருடைய பாட்டிலிருந்தே ஒரு தொடரை எடுத்துச் செம்புலப்பெயல்நீரார் என்று பெயர் வைக்க வேண்டியிருந்தது.

குறி பிழைபட்டால் என்ன ஆகும் என்பதும் ஏட்டுப் பதிப்பாசிரியர்களுக்குத் தெரிந்த ஒன்றே. புள்ளியிடாமல் எழுதும் ஏட்டில் எகரமும் ஏகாரமும் ஒன்று. ரகரமும் காலும் ஒன்று. ஒரே கீற்று வேறுபாட்டில் ஒரு பெயர் இன்னொரு பெயராகிவிடும். ஆகவே இரு குறிகள் ஒன்றுக்கொன்று போதிய தூரத்தில் இருக்க வேண்டும் என்பது குறியிடுதலின் முதல் இலக்கணம். இதை நினைவில் வைத்துக்கொண்டு மரபணுவின் பக்கம் வருவோம்.

*

டி.என்.ஏ. என்பது ஏ, டி, ஜி, சி என்னும் நான்கே எழுத்துகளால் ஆன நீண்ட ஏடு. அதை எழுத்தெழுத்தாகப் படிக்கும் முறைகளுள் புகழ்பெற்றதை இங்கிலாந்தின் ஃபிரெட்ரிக் சாங்கர் 1977இல் வெளியிட்டார். அதே ஆண்டு அவருடைய குழு ‘ஃபை எக்ஸ் 174’ என்ற நுண்ணுயிர்க்கொல்லி வைரஸின் சுமார் 5,400 எழுத்துகளையும் படித்து வெளியிட்டது. சாங்கர் முறையில் ஒவ்வொரு மாதிரியையும் தனித்தனிக் குழாயிலும் தனித்தனித் தடத்திலும் படிக்க வேண்டும். ஒவ்வொரு வீட்டுத் துணியையும் தனி அடுப்பில் அவிப்பது போன்ற வேலை அது.

எல்லாவற்றையும் கலந்து அவித்துப் பிறகு பிரிக்கலாமே என்ற யோசனையை 1988இல் ஹார்வர்டைச் சேர்ந்த ஜார்ஜ் சர்ச்சும் ஸ்டீஃபன் கீஃபர்-ஹிக்கின்ஸும் ‘சயன்ஸ்’ இதழில் முன்வைத்தார்கள். ஒவ்வொரு மாதிரியோடும் தனித்தனியான சிறு டி.என்.ஏ. வால் ஒன்றை ஒட்டி, அனைத்தையும் கலந்து ஒரே வேலையாகச் செய்துவிட்டு, கடைசியில் அந்தந்த வாலைத் தேடும் துருவியைக் கொண்டு ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தார்கள். வண்ணார் குறி மூலக்கூறு உலகுக்குள் நுழைந்தது அப்போதுதான் எனலாம். கருவிகள் அந்த யோசனைக்கு ஈடுகொடுக்கும் வேகத்தை எட்ட இன்னும் இருபது ஆண்டுகள் பிடித்தன.

அந்த வேகத்தைக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் சென்னையில் பிறந்தவர். சங்கர் பாலசுப்பிரமணியன் 1966இல் சென்னையில் பிறந்து, மறு ஆண்டே பெற்றோருடன் இங்கிலாந்து சென்றவர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் வேதியியலாளராக இருந்த அவரும் டேவிட் கிளெனர்மனும் 1997ஆம் ஆண்டுக் கோடையில், ஒளிரும் சாயமேற்றிய எழுத்துகளைக் கண்ணாடிப் பரப்பின்மேல் ஒவ்வொன்றாகச் சேர்த்து, சேரும்போதே படித்துவிடும் முறையைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். அப்பேச்சுகள் சில கேம்பிரிட்ஜின் ஒரு மதுக்கூடத்தில் நடந்தன என்பது அறிவியல் உலகில் அடிக்கடி சொல்லப்படும் செய்தி. 1998இல் ‘சொலெக்ஸா’ நிறுவனம் தொடங்கப்பட்டது. 2005இல் அவர்கள் முழுதாகப் படித்த முதல் மரபணுத் தொகுதி, சாங்கர் படித்த அதே ஃபை எக்ஸ் 174. முன்னோரின் பாட்டை மறுபடி பாடிக்காட்டித் தன் குரலை நிறுவும் பாடகரைப் போல அது நமக்குத் தோன்றுகிறது. 2006இல் கருவி விற்பனைக்கு வந்தது. ஒரே ஓட்டத்தில் நூறு கோடி எழுத்துகளைப் படித்தது. 2007இல் அமெரிக்காவின் இல்லுமினா நிறுவனம் சொலெக்ஸாவை வாங்கியது. பாலசுப்பிரமணியனுக்கு 2017இல் ‘சர்’ பட்டம் கிடைத்தது.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. ஒரே ஓட்டத்தில் நூறு கோடி எழுத்துகளைப் படிக்கும் கருவியில் ஒரு சிறு மாதிரியை மட்டும் வைப்பது, ஒரு வேட்டிக்காக வெள்ளாவி வைப்பதற்கு ஒப்பானது. பல மாதிரிகளைக் கலந்தே ஆக வேண்டும். கலந்தால் குறி வேண்டும்.

*

ஆய்வகத்தார் படிப்பதற்கு ஆயத்தமாக்கிய டி.என்.ஏ. துண்டுகளின் தொகுப்பை ‘நூலகம்’ என்றே அழைக்கிறார்கள். நம்மைப் போன்ற இலக்கிய வாசகர்களுக்கு இனிமையான சொல்தான். ஆனால் இந்த நூலகத்தில் நூல்கள் முழுதாக இருப்பதில்லை. எல்லா நூல்களும் தாள் தாளாகக் கிழிக்கப்பட்டுக் குவிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு தாளின் இரு முனைகளிலும் ‘இணைப்பி’ எனப்படும் சிறு டி.என்.ஏ. துண்டு ஒட்டப்படும். கருவியின் பரப்பில் அத்தாளைப் பற்றிக்கொள்ள உதவுவது இந்த இணைப்பி. அதற்குள்ளேயே ஆறு அல்லது எட்டு எழுத்து நீளத்தில் ஒரு குறி பொதிந்திருக்கும். அதுவே சுட்டி. தொடக்கத்தில் இல்லுமினா அளித்தது ஆறு எழுத்துச் சுட்டிகள் 12. கருவியின் கண்ணாடிப் பரப்பில் எட்டுத் தடங்கள். ஆக ஒரே ஓட்டத்தில் 96 மாதிரிகள்.

நான்கு எழுத்துகளைக் கொண்டு ஆறு இடத்தில் 4,096 சொற்கள் செய்யலாம். பிறகு ஏன் 12 மட்டும்? ஏட்டில் ரகரமும் காலும் படுத்திய பாடுதான் காரணம். கருவி ஓர் எழுத்தைத் தவறாகப் படித்தாலும் ஒரு சுட்டி இன்னொரு சுட்டியாகிவிடக் கூடாது. எனவே ஒன்றுக்கொன்று பல இடங்களில் வேறுபடும் சொற்களை மட்டும் தேர்ந்தார்கள். தவிரவும், அன்றைய கருவி இரண்டு லேசர்களால் எழுத்துகளைப் பார்த்தது. சுட்டியின் ஒவ்வோர் இடத்திலும் இரு லேசர்களுக்கும் ஏதேனும் ஒளிர வேண்டும். ஆகவே இரண்டு மூன்று மாதிரிகளை மட்டும் கலக்கும்போது எந்தச் சுட்டிகளைச் சேர்த்துப் பயன்படுத்தலாம் என்பதற்கே பட்டியல் போட வேண்டியிருந்தது. ஒரு வகையில் இது யாப்பு.

இனி நம் மையப் பொருளுக்கு வருவோம். இந்த இணைப்பியை எவ்வளவு செறிவில் சேர்ப்பது?

டி.என்.ஏ. துண்டும் இணைப்பியும் ஒரே துளியில் மிதக்கின்றன. இரண்டின் முனைகளும் எதேச்சையாகச் சந்திக்கும்போது லைகேஸ் என்னும் நொதி அவற்றை ஒட்டுகிறது. இணைப்பி குறைவாக இருந்தால் பல துண்டுகளுக்குத் துணை கிடைக்காது. குறியில்லாத அவை அடுத்த கழுவலில் போய்விடும். எஞ்சிய சிலவற்றையே மீண்டும் மீண்டும் நகலெடுத்துப் பெருக்க வேண்டிவரும். கருவி கோடிக்கணக்கில் படித்துத் தள்ளும். படித்தவை எல்லாம் ஒரே தாளின் பிரதிகளாக இருக்கும்.

சரி, தாராளமாகச் சேர்த்துவிடலாமே என்றால், துணையில்லாத இணைப்பிகள் தங்களுக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும். நடுவில் டி.என்.ஏ. துண்டே இல்லாத இந்த வெற்று இரட்டைகள் சுமார் 120 முதல் 130 எழுத்து நீளம் கொண்டவை. குட்டையாக இருப்பதால் இவை மற்றவற்றைவிட வேகமாகப் பெருகிக் கருவியின் பரப்பைப் பிடித்துக்கொள்ளும். நூலகத்தில் வெற்று இரட்டைகள் நூற்றுக்கு ஐந்து இருந்தாலே, சில வகைக் கருவிகளில் படிக்கப்படும் இடங்களில் பாதிக்கு மேல் அவற்றுக்குப் போய்விடும். அத்தகைய கருவிகளுக்கு அவை 0.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று இல்லுமினா அறிவுறுத்துவது இதனால்தான். பொருளடக்கமில்லாத முகப்பட்டைகளால் அலமாரி நிறைந்துவிடும் நிலை அது.

செல்லூர் நெசவாளர் எவருக்கும் இது புதுச் செய்தியாக இராது. பாவுக்குக் கஞ்சி போடும்போது கஞ்சி கெட்டியானால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நீர்த்துப்போனால் அச்சில் உராய்ந்து அறும். எத்தனை இழை, என்ன நூல் எண், அன்றைக்கு வெயிலா மழையா என்று பார்த்துத்தான் கஞ்சியின் பதம் முடிவாகும். ஆய்வகத்திலும் அப்படியே, உள்ளே வரும் டி.என்.ஏ.வைப் பார்த்து இணைப்பியை நீர்க்கச் செய்ய வேண்டும். பரவலாகப் புழங்கும் நியூ இங்கிலாந்து பயோலாப்ஸ் தொகுப்பு ஒன்றின் அளவை எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். டி.என்.ஏ. 100 நானோகிராமுக்கு மேல் இருந்தால் இணைப்பி 15 மைக்ரோமோலார் செறிவில் அப்படியே சேர்க்கப்படும். 5 முதல் 100 நானோகிராம் வரை என்றால் பத்து மடங்கு நீர்த்து 1.5 மைக்ரோமோலார். 5 நானோகிராமுக்கும் கீழ் என்றால் 25 மடங்கு நீர்த்து 0.6 மைக்ரோமோலார்.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. நொதி எடையைப் பார்ப்பதில்லை, முனைகளைத்தான் பார்க்கிறது. 300 எழுத்து நீளமுள்ள துண்டுகளாக 100 நானோகிராம் டி.என்.ஏ. இருந்தால் அதில் சுமார் 30,000 கோடித் துண்டுகள் இருக்கும். அதே 100 நானோகிராம் 50 எழுத்துத் துண்டுகளாகச் சிதைந்திருந்தால் துண்டுகளின் எண்ணிக்கை சுமார் 1,80,000 கோடி. எடை ஒன்றுதான், ஒட்ட வேண்டிய முனைகளோ ஆறு மடங்கு. தராசை மட்டும் நம்பி இணைப்பியைச் சேர்த்தவர் இங்கே ஏமாந்துபோவார்.

*

50 எழுத்துத் துண்டுகள் யாருக்குக் கிடைக்கும் என்ற கேள்வி நம்மை மதுரைக்கு அழைத்து வருகிறது. பழங்கால எலும்பிலிருந்து எடுக்கப்படும் டி.என்.ஏ. ஏறத்தாழ அந்த நீளத்தில்தான் சிதைந்து கிடக்கும். வெப்பமும் ஈரமும் மிகுந்த நம் மண்ணில் அதுவும் அரிது.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் நோய்த்தடுப்பியல் பேராசிரியர் இராமசாமி பிச்சப்பன் இத்துறையில் நினைக்கப்பட வேண்டியவர். மதுரைக்கு மேற்கே உசிலம்பட்டி வட்டாரத்தில் பிறமலைக் கள்ளர் சமூகத்தாரிடம் அவர் சேகரித்த இரத்த மாதிரிகளில் ‘எம் 130’ என்னும் ஆண்வழிக் குறி கண்டறியப்பட்டது. ஆப்பிரிக்காவிலிருந்து கடற்கரை ஓரமாக ஆஸ்திரேலியா வரை சென்ற தொல்மாந்தரின் தடத்தைக் காட்டும் குறி அது. ஸ்பென்சர் வெல்ஸ் முதலியோருடன் அவர் இணைந்தெழுதிய கட்டுரை 2001இல் வந்தது. 2005இல் தொடங்கிய ஜீனோகிராஃபிக் திட்டத்தில் இந்தியப் பகுதிக்கு அவரே பொறுப்பேற்றார். அந்த வேலைகள் உயிரோடிருப்பவரின் இரத்தத்தை வைத்து, மாதிரிக்கு ஒரு குழாயாகச் செய்யப்பட்டவை. அங்கே குழாயின் மேல் ஒட்டிய சீட்டுத்தான் குறி.

பழைய எலும்பு அப்படியல்ல. எலும்பைத் தொட்டவரின் டி.என்.ஏ.வே எலும்பில் இருப்பதைவிட அதிகமாக இருக்கும். ஜெர்மனியின் லைப்சிக்கில் ஸ்வாந்தே பேபோவின் குழு 2006இல் நியாண்டர்தால் மனிதனின் பத்து இலட்சம் எழுத்துகளை வெளியிட்டது. மறு ஆண்டே ஜெஃப்ரி வாலும் சங் கிம்மும் அந்தத் தரவுகளை ஆராய்ந்து, அதில் இன்றைய மனிதரின் டி.என்.ஏ. கணிசமாகக் கலந்திருக்கிறது என்று காட்டினார்கள். அதற்குப் பின் லைப்சிக் குழு செய்த திருத்தம் எளிமையானது. தூய அறையை விட்டு வெளியே வருமுன்பே, நியாண்டர்தால் துண்டுகளில் ஒட்டும் இணைப்பியின் முனையில் ‘டி ஜி ஏ சி’ என்ற நான்கெழுத்துக் குறியைப் பொதிந்துவிட்டார்கள். பின்னர் வெளியறைகளில் எது வந்து கலந்தாலும் அதில் இந்தக் குறி இருக்காது. நாலெழுத்தில் ஒரு சேராங்கொட்டைக் குறி. 2010இல் வெளிவந்த நியாண்டர்தால் மரபணு வரைவு இந்தக் குறியை நம்பியே நின்றது. பேபோவுக்கு 2022இல் நோபல் பரிசு கிடைத்தது.

அதே நிறுவனத்தைச் சேர்ந்த மார்ட்டின் கிர்ஷரும் நண்பர்களும் 2012இல் இன்னொரு கேள்வி கேட்டார்கள். நாம் இடும் சுட்டி எவ்வளவு நம்பத்தக்கது? ஒரு முனையில் மட்டும் சுட்டி இருந்தால் அது மாறியிருப்பதை அறிய வழியில்லை. இரு முனைகளிலும் வெவ்வேறு சுட்டி இட்டுப் பார்த்தார்கள். இரண்டும் பொருந்தாத துண்டுகள் எத்தனை என்று எண்ணினார்கள். சுமார் 0.3 சதவீதம் துண்டுகள் தவறான மாதிரிக்குப் போய்க்கொண்டிருந்தன. எதிர்பார்த்ததைவிட இது பன்மடங்கு அதிகம்.

2017இல் நிலைமை இன்னும் கூர்மையானது. புதிய வகைக் கருவிகளில் சுட்டிகள் ஒரு துண்டிலிருந்து இன்னொரு துண்டுக்குத் தாவுகின்றன என்று ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த இராகுல் சின்ஹாவும் சக ஆய்வாளர்களும் அறிவித்தார்கள். அவர்கள் கண்ட அளவு 5 முதல் 10 சதவீதம் வரை. இல்லுமினா நிறுவனமும் தாவல் உண்டு என்பதை ஏற்றுக்கொண்டு, 2 சதவீதம் வரை போகலாம் என்று கூறியது. தாவலுக்குக் காரணம் கலவையில் ஒட்டாமல் மிஞ்சிக்கிடந்த இணைப்பிகள். கருவியின் பரப்பில் டி.என்.ஏ. நகலெடுக்கப்படும்போது, மிஞ்சிய இணைப்பி வேறு மாதிரியின் துண்டைப் பற்றிக்கொண்டு, தன் சுட்டியை அதன்மேல் எழுதிவிடுகிறது. சேராங்கொட்டைப் பால் மிஞ்சினால் பக்கத்துத் துணியில் ஏறும் என்று வைகைக் கரையில் சொன்னார்களே, அதே செய்திதான்.

காந்த மணிகளைக் கொண்டு நன்றாகக் கழுவினால் மிஞ்சிய இணைப்பி போய்விடாதா என்று கேட்கலாம். புதிய டி.என்.ஏ.வில் பெரும்பாலும் போய்விடும். 300 எழுத்துத் துண்டில் இணைப்பிகள் ஒட்டினால் நீளம் 400ஐத் தாண்டும். 120 எழுத்து வெற்று இரட்டையிலிருந்து அதைப் பிரிப்பது எளிது. பழைய டி.என்.ஏ.வில் 50 எழுத்தோடு இணைப்பிகள் சேர்ந்தால் 170தான். 170ஐயும் 120ஐயும் பிரிக்கும் அளவுக்குக் கழுவினால் வெற்று இரட்டையோடு நமக்கு வேண்டியதும் கொஞ்சம் போகும். மறுபடி கழுவினால் இன்னும் கொஞ்சம் போகும். ஆகவே கழுவலை நம்பாமல், முதலிலேயே இணைப்பியின் செறிவைச் சரியாக வைப்பதே பழைய எலும்பு ஆய்வாளருக்கு உள்ள நல்ல வழி.

*

இது வெறும் ஆய்வக நுணுக்கம்தானே, இலக்கிய வாசகர்களுக்கு இதில் என்ன என்று சிலர் கருதலாம். நம் காலத்தில் வரலாற்றுச் சண்டைகள் இந்தத் துளிகளின்மேல் நடக்கின்றன என்பதே நம் பதில்.

2019 செப்டம்பரில் அரியானாவின் இராகிகடியில் கிடைத்த சிந்துவெளிக் கால எலும்புக்கூடு ஒன்றின் மரபணு ‘செல்’ இதழில் வெளியானது. அறுபதுக்கும் மேற்பட்ட எலும்பு மாதிரிகளில் தேடி, ஒரே ஒருவரிடம்தான் பயன்படும் அளவுக்கு டி.என்.ஏ. கிடைத்தது. அந்த ஒருவரிடமிருந்தே நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்கள் தயாரிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு நூலகத்திலும் ஒரு கைப்பிடித் தாள். அதைச் சேர்த்துச் சேர்த்துத்தான் ஒரு மனிதரின் வமிசம் பற்றி ஏதோ சொல்ல முடிந்தது. வெளியான அன்றே அந்த முடிவைத் தம் பக்கத்துச் சான்றாக இரு தரப்பினரும் எடுத்துக்கொண்டார்கள். யாரும் நூலகங்களைப் பற்றிக் கேட்கவில்லை.

அதே 2019 செப்டம்பரில்தான் கீழடி அறிக்கையும் வெளியானது. வைகைக்கரை நகர வாழ்வைக் கி.மு. ஆறாம் நூற்றாண்டுக்குக் கொண்டு சென்ற அறிக்கை அது. கீழடி மக்களின் இடுகாடாகக் கருதப்படும் கொந்தகையில் 2020 முதல் முதுமக்கள் தாழிகள் அகழப்பட்டன. தாழிகளில் கிடைத்த எலும்புகளின் மரபணு ஆய்வை மதுரை காமராசர் பல்கலைக்கழகம் மேற்கொண்டது. 2025இல் கொந்தகை மண்டையோடுகள் இரண்டைக் கொண்டு லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தின் முகவரை ஆய்வகம் உருவாக்கிய முகங்கள் வெளியானபோது, அந்த முகங்களில் தத்தம் சாதியையும் தத்தம் எதிரியையும் தேடியவர்கள் எத்தனை பேர் என்பதைப் பார்த்தோம். மண்டையோட்டின்மேல் வரையப்பட்ட முகத்துக்கே இவ்வளவு என்றால், எழுத்தெழுத்தாக வரும் மரபணுவுக்கு என்ன ஆகும்?

இரண்டு சதவீதம் தாவல் என்பது புதிய இரத்தத்தில் பெரிதல்ல. கொந்தகை எலும்பில் உண்மையான பழந்துண்டுகளே எடுத்த டி.என்.ஏ.வில் நூற்றுக்கு ஒன்றாக இருக்கக்கூடும். அதே ஓட்டத்தில் இன்றைய மனிதர் ஒருவரின் மாதிரியும் இருந்து, அதிலிருந்து இரண்டு சதவீதம் தாவி வந்தால், தாழிக்குள் இருந்தவரைவிடத் தாவி வந்தவரே மிகுதியாக இருப்பார். இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்தியவர் யாருக்கு உறவு என்ற கேள்விக்கு, கடந்த வாரம் இரத்தம் கொடுத்தவரின் உறவு விடையாக வந்துவிடும்.

வரலாறு மட்டுமல்ல, மருத்துவமும் இதில் இருக்கிறது. செல்லூருக்குக் கிழக்கே, அதே வடகரையில், அண்ணா நகரில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. அதைச் சார்ந்த ஆராய்ச்சி அமைப்பு குழந்தைகளுக்கு வரும் விழித்திரைப் புற்றின் மரபணுவை ஆராய்ந்து வருகிறது. இந்நோயில் சில வேளைகளில் பெற்றோர் உடலின் சில செல்களில் மட்டும் பிழை இருக்கும். இரத்தத்தில் படிக்கப்படும் துண்டுகளில் சில சதவீதமே அதைக் காட்டும். அடுத்த குழந்தைக்கும் ஆபத்து உண்டா என்பதை அந்தச் சில சதவீதம் தீர்மானிக்கிறது. பக்கத்துக் குழாயிலிருந்து தாவி வந்த சுட்டி இங்கே ஒரு குடும்பத்தின் வாழ்வை மாற்றிவிடக்கூடியது. கொரோனா காலத்தில், 2021 செப்டம்பரில், தமிழக அரசு சென்னையில் தன் சொந்த மரபணு வரிசைப்படுத்தும் ஆய்வகத்தைத் திறந்தபோது எந்த ஊரில் எந்த உருமாற்றம் என்று அறிவிக்கும் பொறுப்பும் இதே சுட்டிகளின்மேல் வந்து நின்றது.

*

தாவலுக்கு இன்று மருந்து உண்டு. இரு முனைகளிலும் வேறெந்த மாதிரிக்கும் பொதுவில்லாத தனித்தனிச் சுட்டிகள் இடுகிறார்கள். இரண்டும் பொருந்தாத துண்டை யாருக்கும் கொடுக்காமல் ஒதுக்கிவிடுகிறார்கள். பாடியவர் பெயரும் பாடப்பட்டவர் பெயரும் காலத்தால் பொருந்தவில்லையென்றால் அடிக்குறிப்பை ஐயுறும் பதிப்பாசிரியரின் முறை அது. ஆனால் இந்த மருந்து இணைப்பியின் செறிவைச் சரிபார்க்கும் வேலையை நீக்கிவிடவில்லை. ஒதுக்கப்படும் ஒவ்வொரு துண்டும் அரிதான ஓர் எலும்பிலிருந்து வந்தது. திரும்பப் போய் இன்னொரு கைப்பிடி எடுக்க முடியாத எலும்பு.

கொந்தகையின் முடிவுகள் எப்போது, எந்த வடிவில் வந்தாலும், அவற்றைப் படிக்கும்போது ‘அவர்கள் யார்’ என்று கேட்பதற்கு முன் வேறு சில கேள்விகளைக் கேட்கப் பழகிக்கொள்வது நல்லது. எத்தனை எலும்புகளில் தேடினார்கள், எத்தனையில் கிடைத்தது? எத்தனை நூலகங்கள் செய்தார்கள்? இரு முனைகளிலும் சுட்டி இட்டார்களா? எலும்பே சேர்க்காத வெற்றுக் குழாய் ஒன்றையும் கூடவே ஓட்டி, அதில் என்ன வந்தது என்று சொல்லியிருக்கிறார்களா? பொருந்தாமல் ஒதுக்கியது எவ்வளவு? இவற்றுக்கு விடை தரும் கட்டுரை நமக்குப் பிடிக்காத முடிவைச் சொன்னாலும் அதை மதிக்கலாம். விடை தராத கட்டுரை நமக்கு எவ்வளவு இனிப்பான முடிவைச் சொன்னாலும் சற்றுத் தள்ளியே வைக்கலாம்.

சுவடிப் பதிப்பைப் பார்க்கும்போது எத்தனை ஏடுகளை ஒப்பிட்டார், பாடவேறுபாட்டைக் கொடுத்திருக்கிறாரா என்று முதலில் முன்னுரையைப் புரட்டுவது நம் வழக்கம். அதே வழக்கத்தை இந்தப் புது நூலகங்களுக்கும் நீட்டிக்கொள்வதில் தமிழ் படித்தவர்களுக்குச் சிரமம் ஏதும் இருக்க முடியாது.